பெண் பார்க்க வந்த கல்லூரி

கல்லூரியில் இடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், பழைய மாணவி ஒருவர் உங்களை நேரில் பார்த்துப் பேச வீட்டுக்கே வரப்போகிறார் என்றால், என்னென்ன எதிர்பார்க்கலாம்? என்னைக் கேட்டால், முதலில் உங்கள் மாமியை எதிர்பாருங்கள். கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தின் கடைசிப் பகுதி அது. கொட்டாஞ்சேனையில், மாதா கோயில் மணி அடித்தால் சன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். நான் ஒரே பிள்ளை. வயது பதினெட்டு. வீட்டில் என்னைக் கொச்சிக்காய், அதாவது மிளகாய், என்பார்கள். நிறத்துக்காக இல்லை, வாய்க்காக.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசிச் சோதனையை நன்றாகவே தேறியிருந்தேன். மேலே படித்துப் பட்டம் எடுக்கப் பெண்களுக்கான ஒரு கல்லூரி இருந்தது. அதன் எழுத்துச் சோதனையிலும் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு படி. அந்தக் கல்லூரியில் முன்பு படித்த ஒருவர் வந்து, பிள்ளையோடு கதைத்து, "சேர்க்கலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ அறிவிக்க வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு.

அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இடம் கிடைச்சா நீ போ. கிடைக்காட்டி, மாமி சொல்லுறதைக் கேள்."

மாமி என்றால் அப்பாவின் அக்கா. தாய் இல்லாத வீட்டில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அதனால் அப்பா மாமியின் முன்னால் ஒரு முழு வசனம் பேசி முடித்ததை நான் பார்த்ததில்லை. பாதியில் மாமி வாங்கிக்கொள்வார், மீதியை அவரே முடிப்பார். மாமி எனக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கலியாணம். ஒரு மாப்பிள்ளையும் கைவசம் வைத்திருந்தார். புறக்கோட்டையில் பித்தளைச் சாமான் கடைக்காரர், பெண்சாதி இறந்துபோனவர். ஒரு ஞாயிறு பூசையில் அவரை எனக்குச் சுட்டிக் காட்டினார்கள். பிரசங்கத்தின்போது வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டிருந்தார். அந்த வாயை நினைத்தே நான் சோதனைக்கு விழுந்து விழுந்து படித்தேன்.

எங்களைப் பார்க்க வருகிற பழைய மாணவி வெள்ளவத்தைக்காரர். வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வருவதாக ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் செய்தி. அன்று மாலையே அது மாமியின் காதுக்குப் போய்விட்டது. மாமி கோயில் வாசலில் நின்று இரண்டு பேரிடம் விசாரித்தார். விசாரித்ததில் மூன்று விஷயம் கிடைத்தது. அந்த அம்மாளும் எங்களைப் போல வேதக்காரர். நல்ல குடும்பம். எஞ்சினியர் வேலை பார்க்கும் மகன் ஒருவன் இருக்கிறான், இன்னும் கட்டவில்லை.

மறுநாள் காலை ரொட்டி விற்கும் பாண்காரன் வருவதற்கு முன்பே மாமி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பழம் நழுவிப் பாலில விழுந்திருக்கு!" என்றார் அம்மாவிடம். "பெண் பார்க்க வருகினம்!"

"மாமி, அவ கொலிஜில இருந்து வாறா" என்றேன்.

"ஓமோம்" என்றார் மாமி, என் கன்னத்தைத் தட்டி. "கொலிஜில இருந்துதான்."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் ஆட்களிடையே பெண் பார்க்க வருகிறவர்கள் ஒருபோதும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லமாட்டார்கள். பெண் பிடிக்காமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம் அல்லவா? ஆகையால் ஒரு சாட்டு வேண்டும். திருவிழாவுக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம் என்பார்கள். டொக்டரிடம் வந்தோம், தண்ணி விடாய்த்தது என்பார்கள். என் சின்னம்மாவைப் பார்க்க வந்தவர்கள் தொலைந்துபோன ஆட்டைத் தேடி வந்ததாகச் சொன்னார்களாம். சின்னம்மா வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்காமல் ஆட்டைப் பற்றியே ஒரு மணி நேரம் கதைத்து, சம்பந்தத்தை முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், "கல்லூரி விஷயமாக வருகிறேன்" என்று ஒரு மாப்பிள்ளையின் தாய் சொன்னால் யார் நம்புவார்கள்?

"வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பெட்டைச்சி வீட்டுக்குத் தேடி வாறாவாம், சோதனை வைக்க! நான் என்ன நேத்துப் பிறந்தனானே?" என்றார் மாமி. "ஆனாலும் கெட்டிக்காரி. இப்பிடி ஒரு சாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை."

நான் சத்தியம் பண்ணினேன். மாமி இன்னும் அதிகமாகச் சிரித்தார். கோபம் வந்து கத்தினேன். "வெக்கப்படுறா" என்று அம்மாவிடம் சொன்னார். நான் என்ன சொன்னாலும் அது மாமியின் பக்கத்துக்கே சாட்சியாகப் போயிற்று. சுவரோடு போய்க் கதைத்திருக்கலாம், அது சிரிக்காமலாவது இருந்திருக்கும்.

மடத்துப் பெரிய மதர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: நிமிர்ந்து இரு, கண்ணைப் பார், கேட்டதும் தெளிவாக மறுமொழி சொல். மாமி சொல்லிக் கொடுத்தது: குனிந்து இரு, கால் விரலைப் பார், முதல் தரம் கேட்டால் பேசாதே, இரண்டாம் தரம் கேட்டால் மெல்லச் சிரி, மூன்றாம் தரம் கேட்டால் நானே மறுமொழி சொல்கிறேன்.

"நீ வாயைத் திறந்தியோ, காரியம் கெட்டுது" என்றார். "உன்ர வாயை மூடினா நீ நல்ல வடிவு."

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, நீங்களாவது மாமிக்குச் சொல்லுங்கோ." அப்பா பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டு போனார். "அக்கா, அந்த அம்மா வாறது…" "எனக்குத் தெரியும் தம்பி, நீ யோசிக்காத" என்று மாமி முடித்துவிட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

ஞாயிறு வந்தது. லவ் கேக், கொக்கிஸ், பட்டிஸ், பயத்தம் பணியாரம் என்று மேசை நிறைந்துவிட்டது. எனக்கு அம்மாவின் கூறைச் சேலையை உடுத்தி, தலையில் மல்லிகையைச் சுற்றி, மாமியின் காதுத் தோட்டையும் மாட்டினார்கள். எங்கிருந்தோ பூவேலை செய்த தலையணை உறைகள் வந்து, உட்காரும் கதிரைகளின் முதுகில் ஏறின. எல்லாம் நான் தைத்தவையாம். ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்றைக்கும் வராது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம்" என்றார் மாமி, உறையைத் தடவிக்கொண்டே. அம்மாவின் தம்பி, என் மாமா, கோட்டுப் போட்டுக்கொண்டு விறாந்தையில் காவல் நின்றார். மாப்பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு.

நாலு மணிக்குக் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது மகன்!

"சேசு மரி சூசை!" என்று மாமி நெஞ்சில் கை வைத்தார். "பார்த்தியே? பொடியனையும் கூட்டிக்கொண்டு வந்திட்டா!"

அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகன் காருக்குள்ளேயே இருந்து பத்திரிகை வாசிக்கலாம் என்று வந்தவன். எங்கள் மாமா விடுவாரா? கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கி, விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, கையில் ஒரு தட்டைத் திணித்துவிட்டார்.

அந்த அம்மாள் மெலிந்தவர். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு தோல் பை. உள்ளே வந்து இருந்ததும் மேசையைப் பார்த்தார், தலையணை உறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனையை எடுத்தார். அம்மா ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம், கையில் தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நான், அப்பா கதிரையின் நுனியில்.

"பிள்ளை, நீர் ஏன் எங்கட கொலிஜுக்கு வர விரும்புறீர்?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு கிழமையாக மறுமொழி தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். மாமி என் தொடையில் கிள்ளினார்.

"நல்லாத் தைப்பா" என்றார் மாமி.

அந்த அம்மாள் தலையணை உறையைத் திரும்பப் பார்த்தார். "என்னென்ன புத்தகம் வாசிப்பீர்?"

"செபப் புத்தகத்தைத் தவிர வேற ஒண்டும் தொடமாட்டா" என்றார் மாமி.

எனக்கு அழுகை வந்தது. மடத்து வாசிகசாலையில் நான் தொடாத புத்தகமே இல்லை. அதற்கிடையில் விறாந்தையிலிருந்து மாமாவின் குரல் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஒரு நேர்முகப் பரீட்சை நடந்தது.

"தம்பி எந்தப் பங்குக் கோயில்? … ஆ, நல்லது. வேலை நிரந்தரந்தானே? … குடி கிடி? … இல்லை, தேத்தண்ணியைக் கேட்டனான்."

மகன் வாய் நிறையப் பட்டிஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக மறுமொழி சொன்னான். பிறகு மாமா சொல்வது கேட்டது: "தம்பி, கார் டயரில காத்துக் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு. ஒருக்கா வாசல் கேற் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கோ." அவன் நடந்து போனான். பார்த்துவிட்டு நடந்து வந்தான். "காத்து இருக்கு அங்கிள்." "சந்தோசம்" என்றார் மாமா. கால் இரண்டும் நேராக இருக்கிறது என்று உள்ளே பார்த்து மாமிக்குக் கண்ணைக் காட்டினார்.

"பாட்டும் படிப்பா" என்றார் மாமி, உற்சாகம் தாங்காமல். "படி பிள்ளை, மாதா பாட்டு."

"வேண்டாம்" என்றார் அந்த அம்மாள்.

"கூச்சப்படாதேங்கோ, நல்லாப் படிப்பா."

நான் படித்தேன். கோபத்தில் படித்தேன். மாதா பாட்டை அப்படி யாரும் படித்திருக்க மாட்டார்கள். விறாந்தையில் மகன் செபம் தொடங்கிவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றான். அவன் நின்றதும் மாமாவும் நின்றார். "எவ்வளவு மரியாதையான பொடியன்" என்று மாமா சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாமியிடம் திரும்பி, மிகவும் சாதாரணமாகக் கேட்டார்: "பிள்ளைக்குக் கலியாணம் பேசுறீங்களோ?"

மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதற்காகத்தானே ஒரு கிழமையாகக் காத்திருந்தார். ஆனால் உடனே விழுந்துவிடக் கூடாது என்பதும் மாமிக்குத் தெரியும். பெண்ணுக்குக் கிராக்கி இருப்பதைக் காட்ட வேண்டும்.

"ஒண்டு வந்திருக்கு. புறக்கோட்டையில சொந்தக் கடை. தை மாதத்துக்குள்ள முடிக்க வேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறார். நாங்கதான் இன்னும் நல்ல இடமா வந்தா…" என்று இழுத்து, விறாந்தைப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப சரி" என்றார் அந்த அம்மாள். பேனையை மூடினார். பையை எடுத்தார். "எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்."

"எங்களுக்கும் அவ்வளவுதான்" என்றார் மாமி, மகிழ்ச்சியாக. "மிச்சத்தை ஆம்பிளையள் பேசட்டும்."

அந்த அம்மாள் எழும்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, நீர் கெட்டிக்காரி எண்டு உம்முடைய சோதனைத் தாளே சொல்லுது. அதைக் கண்டுபிடிக்க நான் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. ஒவ்வொரு வருசமும் பிள்ளையளைச் சேர்க்கிறம். ரெண்டாம் வருசம் கலியாணக் கார்ட்டோட வந்து நிக்கினம், போயிடினம். அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொரு பிள்ளை வீட்டில இருந்து அழுது. அதுதான் இப்ப எங்களை வீட்டுக்கு அனுப்புகினம். நான் உம்மைப் பார்க்க வரேல்லை. இந்த வீட்டைப் பார்க்க வந்தனான்."

கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கோப்பை உருண்டு போய் லவ் கேக்கில் முட்டி நின்றது.

"மாமி! இவ கொலிஜில இருந்துதான் வந்தவ! உண்மையாவே கொலிஜில இருந்து! ஆடும் இல்லை, டொக்டரும் இல்லை! நீங்க எல்லாரும் சேர்ந்து என்ர படிப்பில மண்ணைப் போட்டுட்டீங்க!"

"ஓமோம் பிள்ளை…" என்று மாமி கன்னத்தைத் தட்டக் கையை நீட்டினார்.

"உங்கட மகனை எனக்கு வேண்டாம்!" என்று அந்த அம்மாளைப் பார்த்துக் கத்தினேன்.

சன்னலில் மகனின் முகம் தெரிந்தது. தான் ஒரு மாப்பிள்ளை என்ற விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

"எனக்கா?" என்றான். "எனக்கு அடுத்த மாசம் கலியாணம். எங்கட கோயிலில சொல்லி முடிஞ்சுது."

மாமா அவன் கையிலிருந்த பட்டிஸ் தட்டை மெல்ல வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. மாமி தலையணை உறை போட்ட கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அப்ப… கொலிஜ் எண்டது… கொலிஜா?" என்றார். என் பதினெட்டு வருஷத்தில் மாமி ஒரு கேள்வியை விடை தெரியாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரி பிள்ளை" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "இப்ப ஒரு கேள்வி. அந்தப் புறக்கோட்டைக்காரர் தை மாதம் வந்து வாசலில நிண்டா என்ன செய்வீர்?"

இதற்கு யாரும் எனக்கு மறுமொழி சொல்லித் தரவில்லை. மதரும் இல்லை, மாமியும் இல்லை.

"இருத்தி ஒரு தேத்தண்ணி குடுக்கச் சொல்லுவன்" என்றேன். "நான் நாலு வருசம் படிச்சு முடிச்சிட்டு வந்து, வேண்டாம் எண்டு சொல்லுறன்."

அவர் இந்தத் தடவை அடக்காமல் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"உம்முடைய வாய் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உம்மைக் கேட்டு எனக்குப் பிரயோசனம் இல்லை. கலியாணம் பேசுறது நீர் இல்லையே." அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோ. இந்தப் பிள்ளையை இடையில நிப்பாட்டுவீங்களோ?"

அப்பா! ஐயோ, அப்பாவையா கேட்பது! வேறு யாரைக் கேட்டிருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும். மாமாவைக் கேட்டிருக்கலாம், பாண்காரனைக் கேட்டிருக்கலாம். கதிரை நுனியில் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

"அது வந்து அம்மா…"

"நீ பேசாம இரு தம்பி" என்றார் மாமி, பழக்கத்தில். "நான் சொல்லுறன்."

அப்பா எழுந்து நின்றார். பாடசாலையில் பெயர் கூப்பிட்டால் நிற்பதுபோல், கை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"இல்லை அக்கா" என்றார். "என்னைத்தான் கேட்டவ."

மாமி வாயை மூடினார்.

"என்ர மகள் படிச்சு முடிக்கும் மட்டும் இந்த வீட்டில கலியாணப் பேச்சு இல்லை. கேட்டு வாறவைக்கு நான் மறுமொழி சொல்லுறன்." தொண்டையைச் செருமினார். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "ஆர் வந்தாலும். என்ர அக்கா வந்தாலும்."

அவர் சொல்லி முடித்தார். முழு வசனம். இடையில் யாரும் வாங்கவில்லை.

இடம் கிடைத்தது, அதில் சந்தேகம் வேண்டாம். மாமி நத்தார்ப் பண்டிகை வரைக்கும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு வந்தார், லவ் கேக்கோடு. அதற்கடுத்த வருஷம் கோயில் வாசலில் நின்று, "எங்கட பிள்ளையை நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொலிஜில சேர்த்தம் தெரியுமோ" என்று ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினார். ஒரு வகையில் பொய்யும் இல்லை.

ஆனால் அன்று பின்னேரம் நான் அந்த அம்மாளைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மகன் காரைச் சுற்றி வந்து, நான்கு டயரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறினான். பாவம், அவனுக்கு டயரைப் பற்றி உண்மையாகவே கவலை வந்திருந்தது. அந்த அம்மாள் உள்ளே ஏறி இருந்தார். ஏதாவது மரியாதையாகக் கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"நீங்க எங்கட கொலிஜில என்ன பட்டம் எடுத்தனீங்க?"

"எடுக்கேல்லை" என்றார். "ரெண்டாம் வருசம், இப்பிடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்கள் வந்தவை. நானும் உம்மை மாதிரிக் கத்தினனான்."

"உங்கட அப்பா?"

அவர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தவர்" என்றார். "தலை நிமிரேல்லை."

கார் போய்விட்டது. நான் உள்ளே வந்தேன். அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். அப்பா இன்னும் அதே இடத்தில், கை இரண்டையும் பக்கத்தில் வைத்தபடி, நின்றுகொண்டே இருந்தார்.

"முடிஞ்சுது அப்பா" என்றேன். "இனிக் கதிரையில இருங்கோ."